ஹதீஸ் செயலி ஒன்று: தொடரை அழகாகக் காட்டுகிறது, பகிரும்போது வெட்டிவிடுகிறது

ஹதீஸ் (நபிமொழி) செயலியைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் சொல்லப்படுவது எண்ணிக்கைதான். இத்தனை நூல், இத்தனை ஆயிரம் நபிமொழி, இத்தனை மொழி. நான் பார்ப்பது வேறு. ஒரு நபிமொழியைத் திறந்தால் அதைச் சொன்னது யார், அவரிடம் கேட்டது யார், அவரிடமிருந்து நூலாசிரியர் வரைக்கும் எந்தெந்த ஆட்கள் வழியாக வந்தது (இதைத்தான் தொடர், இஸ்னாத் என்பார்கள்), அதன் தரத்தைப் பார்த்துச் சொன்ன அறிஞர் யார், இவ்வளவும் திரையில் தெரிகிறதா? தெரிந்தால் அது ஹதீஸ் செயலி. தெரியாவிட்டால் அது பொன்மொழிச் செயலி, அவ்வளவுதான்.

நான் இப்போது எழுதப் போகும் செயலி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறைகளையும் விரிவாகச் சொல்லப் போகிறேன், உழைத்தவர்களை ஊரறியக் குத்திக்காட்டுவது என் நோக்கமில்லை. இதே மாதிரிச் செயலிகள் நிறைய வந்துவிட்டதால், இங்கே சொல்வதை வைத்து உங்கள் கையில் இருப்பதை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். அரபு மூலம், தமிழாக்கம், ஆறு பெரிய நூல்கள் (புகாரி, முஸ்லிம், அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னுமாஜா), கூடவே இமாம் மாலிக்கின் முவத்தா, இமாம் அஹ்மதின் முஸ்னத் அஹ்மத், பிறகு 'அறிமுகப் பாடங்கள்' என்று ஒரு பகுதி, அறிவிப்பாளர்களுக்குத் தனிப் பக்கங்கள். இதுதான் உள்ளடக்கம்.

அறிமுகப் பாடங்களில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் இந்தச் செயலியில் மிகவும் கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. சுன்னா என்றால் என்ன என்று விளக்கும்போது எல்லோரும் சொல்வது தெரிந்ததுதான்: நபி (ஸல்) அவர்களின் சொல், செயல், அங்கீகாரம். மூன்றாவது வந்தவுடன் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார். யாரோ ஒருவர் செய்தார், நபியவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், அது எப்படி மார்க்க ஆதாரம் ஆகும் என்று கேட்பார். இந்தச் செயலி அதற்கு உடும்புச் சம்பவத்தை எடுத்துக்கொள்கிறது. மைமூனா (ரலி) வீட்டில் சுட்ட உடும்பு உணவாக வருகிறது. நபியவர்கள் கையை நீட்டும்போது, அது என்னவென்று அவர்களிடம் சொல்லுங்கள் என்கிறார்கள் அங்கிருந்த பெண்கள். சொன்னதும் கையை எடுத்துவிடுகிறார்கள். காலித் பின் வலீத் (ரலி) கேட்கிறார், இது ஹராமா (தடுக்கப்பட்டதா)? இல்லை, என் சமூகத்தார் பூமியில் இது இருந்ததில்லை, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை என்று பதில். காலித் அதைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிடுகிறார், நபியவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே சாப்பாட்டு நேரத்தில் சொல்லும் இருக்கிறது, செயலும் இருக்கிறது, அங்கீகாரமும் இருக்கிறது. அதற்கும் மேலே, ஒன்றைச் சாப்பிடாமல் விடுவது எல்லா நேரமும் சட்டம் ஆகாது, மனிதர் என்ற வகையில் வரும் விருப்பு வெறுப்பும் அதில் இருக்கலாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பாடம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அடுத்த பாடத்தில் பேரீச்ச மர மகரந்தச் சேர்க்கைச் செய்தியும் வருகிறது. மதீனாக்காரர்கள் மரத்துக்குச் சேர்க்கை செய்கிறார்கள், அதனால் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று நபியவர்கள் சொல்ல, விட்டுவிடுகிறார்கள், விளைச்சல் குறைகிறது. உங்கள் உலக விஷயங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று அவர்கள் சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்காக இதைத் தொகுத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். எது வஹீயின் (இறைச்செய்தியின்) அடிப்படையிலான வழிகாட்டல், எது அனுபவம் சார்ந்த கருத்து என்பது ஹதீஸ் படிக்கிற யாருக்கும் முதல் வாரத்திலேயே வரும் கேள்வி. பல அறிமுகங்கள் அதைத் தொடாமலே போய்விடும்.

சுன்னாவைப் பின்பற்றச் சொல்லும் குர்ஆன் வசனங்களும் இருக்கின்றன: 'தூதர் உங்களுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற 59:7, மக்களுக்கு இறக்கப்பட்டதை நீர் விளக்குவதற்காகவே உம்மீது இதை இறக்கினோம் என்ற கருத்தில் வரும் 16:44, அழகிய முன்மாதிரி என்ற 33:21. தொழுகையை நிலைநாட்டுங்கள் என்று குர்ஆன் சொல்கிறது, எத்தனை ரக்அத், ருகூவில் என்ன ஓதுவது என்பதெல்லாம் 'என்னைத் தொழக் கண்டவாறே தொழுங்கள்' என்று சொன்னவரிடமிருந்து வருகிறது. இந்தப் பகுதி சுருக்கம், போதுமானது. அல்லாஹ் சொன்னதாக நபியவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி பற்றி நான்கே வரிதான் இருக்கிறது, அதுவும் சரிதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புகாரியின் முதல் ஹதீஸைத் திறந்தேன். 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன.' தமிழாக்கத்தில் வழக்கம்போல 'உமர் பின் கத்தாப் (ரலி) அறிவித்தார்' என்று மட்டும் இருக்கிறது. கீழே சின்னதாக 'தொடர்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் திரை முழுக்க ஒரு மரம் விரிகிறது. மேலே உமர் (ரலி), மிம்பரில் (பள்ளிவாசல் உரை மேடையில்) நின்று சொன்னதாகக் குறிப்பு. அவரிடம் கேட்டவர் அல்கமா பின் வக்காஸ். அவரிடம் கேட்டவர் முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ. அவரிடமிருந்து யஹ்யா பின் சயீத் அல்அன்சாரீ. இதுவரைக்கும் ஒற்றைக் கோடு. யஹ்யாவுக்குக் கீழேதான் மரம் கிளை விடுகிறது: மாலிக், சுஃப்யான் பின் உயைனா, சுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஹம்மாத் பின் ஸைத், அப்துல் வஹ்ஹாப் என்று பலர். அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறை, கடைசியில் புகாரி. இதே ஹதீஸை புகாரி தன் நூலில் ஏழு இடங்களில் கொண்டுவருகிறார், ஹதீஸ் எண்கள் 1, 54, 2529, 3898, 5070, 6689, 6953. ஏழுக்கும் ஏழு கிளை. எந்தக் கிளையைத் தொட்டாலும் அந்த இடத்து வாசகம் திறக்கிறது.

இதைப் பார்க்கும்போது கிடைக்கும் புரிதல் புத்தகத்தில் புரட்டிப் புரட்டிப் படித்தாலும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. இஸ்லாத்தின் அடித்தளங்களில் ஒன்று என்று எல்லோரும் சொல்கிற ஹதீஸ், இமாம் நவவீ தொகுத்த நாற்பது ஹதீஸ் நூலிலும் முதலாவதாக இருக்கிற ஹதீஸ், முதல் நான்கு படிகளில் படிக்கு ஒரே ஓர் ஆள் வழியாகவே நம்பத்தகுந்த முறையில் வந்திருக்கிறது. மிம்பரில் நின்று பலர் முன்னிலையில் சொன்னதுதான், ஆனாலும் உறுதியான தொடரோடு நமக்கு வந்தது அல்கமா வழியில். இப்படி வருவதை 'கரீப்' என்பார்கள். கரீப் என்றால் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மரத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். ஒற்றை வழியில் வந்தாலும் அந்த வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் நேர்மையும் நினைவாற்றலும் சோதிக்கப்பட்டவர்கள், ஒவ்வொருவரும் முந்தியவரிடம் கேட்டது உறுதியானது, அதனால் ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது). எதிர்ப்பக்கத்தில் 'என்மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் தன் இருப்பிடத்தை நரகத்தில் அமைத்துக்கொள்ளட்டும்' என்ற ஹதீஸின் மரத்தையும் போட்டிருக்கிறார்கள். அது ஆரம்பத்திலிருந்தே அடர்ந்து வளர்கிறது, ஏகப்பட்ட நபித்தோழர்கள், அதனால் முதவாதிர், அதாவது பொய்யில் ஒன்றுசேர முடியாத அளவுக்குப் பலர் வழியாக வந்தது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஆஹாத் (அந்த அளவை எட்டாத எண்ணிக்கையினர் வழியில் வந்தது), முதவாதிர் வித்தியாசத்துக்குத் தனி வகுப்பே வேண்டாம்.

இன்னொன்று. புகாரியின் முதல் எண்ணில் வரும் வாசகத்தில் 'யாருடைய ஹிஜ்ரத் (இடம்பெயர்தல்) அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் இருக்கிறதோ' என்ற பகுதி இல்லை. உலக லாபத்துக்காக, பெண்ணை மணப்பதற்காக என்ற பகுதி மட்டும் இருக்கிறது. 54ஆம் எண்ணில், மாலிக் வழியில் வருவதில், இரண்டு பகுதியும் முழுதாக இருக்கிறது. மரத்தில் விரலை வைத்து இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் மாறினால் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஒரே செய்தி வெவ்வேறு வழிகளில் கூடக் குறைய வருவது எப்படி, அறிஞர்கள் ஏன் எல்லா வழிகளையும் திரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்பது இதில் விளங்கும்.

இந்த மரத்தில் ஒரு தவறும் இருக்கிறது, சின்னதுபோலத் தெரியும், ஆனால் சின்னதில்லை. முதல் எண்ணில் வரும் சுஃப்யான், சுஃப்யான் பின் உயைனா. புகாரிக்கு அதைச் சொன்ன ஹுமைதீ அவருடைய மாணவர். 2529இல் வரும் சுஃப்யான் வேறு ஆள், சுஃப்யான் அஸ்ஸவ்ரீ. அரபு மூலத்தில் இரண்டு இடத்திலும் வெறும் 'சுஃப்யான்' என்றுதான் இருக்கும். மரத்தில் இருவரும் தனித்தனியாகச் சரியாக இருக்கிறார்கள், ஆனால் 2529இன் பக்கத்தில் அந்தப் பெயரைத் தொட்டால் இப்னு உயைனாவின் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. ஸவ்ரீ இறந்தது ஹிஜ்ரி 161இல், இப்னு உயைனா இறந்தது 198இல். இந்த இடத்தில் இருவருமே மிக நம்பகமானவர்கள் என்பதால் ஹதீஸின் தரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரே பெயரில் ஒருவர் நம்பகமானவர், இன்னொருவர் பலவீனமானவர் என்று இருக்கிற இடங்கள் நிறைய உண்டு. அங்கே இந்தக் குழப்பம் நடந்தால் தரமே மாறிப்போகும். அறிவிப்பாளர்களை அடையாளம் காண்பதற்கென்றே முன்னோர்கள் எத்தனை நூல் எழுதினார்கள், ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டத் தனியாகவே எழுதினார்கள். இயந்திரத்தனமாகப் பெயரை இணைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை இது. திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.

தரம் காட்டும் விதம் எனக்கு மிகவும் வருத்தமளித்த இடம். ஒவ்வொரு ஹதீஸுக்கும் மூலையில் ஒரு நிறம். பச்சை என்றால் ஸஹீஹ், மஞ்சள் என்றால் ஹஸன் (அதற்கு அடுத்த, ஏற்கத்தக்க தரம்), சிவப்பு என்றால் ளயீஃப் (பலவீனமானது). பார்க்க எளிது. யார் சொன்ன தரம்? எங்குமே இல்லை. புகாரி, முஸ்லிம் இரண்டுக்கும் அந்தக் கேள்வி பெரிதாக எழாது, அந்த நூலாசிரியர்களே ஸஹீஹை மட்டும் தொகுப்பதாகச் சொல்லித்தான் எழுதினார்கள், சமுதாயமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னுமாஜா நான்கிலும் நிலைமை அப்படியில்லை. அங்கே ஒரே ஹதீஸை ஓர் அறிஞர் ஹஸன் என்பார், இன்னொருவர் பலவீனம் என்பார், இருவரிடமும் காரணம் இருக்கும். அண்மைக்கால அறிஞர்களில் அல்பானீ ஒன்று சொல்லியிருப்பார், ஷுஐப் அல்அர்னாவூத் வேறு சொல்லியிருப்பார். நிறத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த விவாதமே இருப்பது தெரியாது. கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்ற இப்னுமாஜாவின் 224ஆம் ஹதீஸ் இங்கே பச்சை. அந்தத் தொடரில் பலவீனமானவர் என்று விமர்சிக்கப்பட்ட ஓர் அறிவிப்பாளர் இருக்கிறார். பல வழிகள் ஒன்றையொன்று தாங்குவதால் ஏற்கலாம் என்பவர்கள் ஒரு பக்கம், எல்லா வழியிலும் குறை இருக்கிறது என்பவர்கள் இன்னொரு பக்கம். பச்சை நிறம் இதில் எதைச் சொல்கிறது?

திர்மிதீ விஷயத்தில் இன்னும் மோசம். இமாம் திர்மிதீ (இறப்பு ஹிஜ்ரி 279) தன் நூலில் பெரும்பாலான ஹதீஸ்களின் முடிவில் தானே தரம் சொல்லிவிடுவார், 'ஹஸன் ஸஹீஹ்', 'ஹஸன் கரீப்' என்று. அதோடு இந்தத் தலைப்பில் இன்னின்ன நபித்தோழர்கள் வழியாகவும் வந்திருக்கிறது, அறிஞர்களிடம் இதன்படி நடைமுறை இருக்கிறது என்றெல்லாம் எழுதுவார். அவர் நூலை மற்றவற்றிலிருந்து தனித்துக் காட்டுவதே அதுதான். செயலியின் தமிழாக்கத்தில் இந்தக் குறிப்புகள் முழுக்க நீக்கப்பட்டிருக்கின்றன! அரபுப் பக்கத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. இடத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம். அப்படியானால் திர்மிதீயைச் சேர்த்ததற்கே பாதிப் பலன்தான்.

தேடல் பகுதியில் 'சீனா' என்று போட்டுப் பாருங்கள். சீனா சென்றாவது கல்வியைத் தேடு என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறதே, அதைத் தேடித்தான் நானும் போட்டேன். முடிவு ஒன்றும் இல்லை என்று வந்தது. இந்த நூல்களில் அது இல்லை என்பதால் பதில் சரிதான். ஆனால் தேடிய ஆளுக்கு என்ன தோன்றும்? செயலியில் ஏற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஹதீஸ் அறிஞர் இப்னு ஹிப்பான் அதை அடிப்படையற்றது என்று சொல்லியிருக்கிறார், இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த தன் நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். 'தேசப்பற்று ஈமானில் (இறைநம்பிக்கையில்) உள்ளது' என்பதும் அப்படித்தான், நபிமொழி இல்லை. மக்கள் வாயில் புழங்கும் இப்படிப்பட்ட வாசகங்களுக்கென்றே அறிஞர்கள் அந்தக் காலத்திலேயே தனி நூல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு நூறு வாசகங்களை எடுத்து, தேடும்போது 'இது நபிமொழி என்று நிறுவப்படவில்லை, காரணம் இது' என்று ஒரு வரி வந்தால் போதும், ஆறு நூல்களையும் ஏற்றியதற்குச் சமமான சேவை அது.

தேடலில் வேறு தொல்லையும் உண்டு. தமிழில் அரபுச் சொற்களை எழுதுவதில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. புகாரி, புஹாரி, ளயீஃப், ழஈஃப், உளூ, வுழூ, ஒளு. இந்தச் செயலிக்கு ஒரே ஓர் எழுத்துமுறைதான் தெரியும். 'உளூ' என்று போட்டால் வருவது 'ஒளு'வுக்கு வராது. எண்ணிலும் இதே கதை. முஸ்லிம் நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்ட எண்ணைப் போட்டால் சம்பந்தமில்லாத ஹதீஸ் வந்து நிற்கும். எந்த எண்முறை என்று தேர்வு செய்துகொள்ள அமைப்புகளில் ஓர் இடம் வைக்கலாம். தலைப்பையும் பாடப் பெயரையும் வைத்துத் தேடுவதுதான் இப்போதைக்கு வழி.

மூல நூல்களைப் பற்றிய வரலாற்றுப் பகுதிக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். ஹதீஸ்கள் நபியவர்கள் மறைந்து இருநூறு வருடம் கழித்துத்தான் எழுதப்பட்டன என்ற பேச்சுக்கு அது சண்டை போடாமல் காலவரிசையைக் காட்டிப் பதில் சொல்கிறது. குர்ஆன் தவிர வேறு எதையும் என்னிடமிருந்து எழுதாதீர்கள் என்ற செய்தியையும் மறைக்கவில்லை, முஸ்லிமில் உள்ளதை அப்படியே தருகிறது. அதன் கீழேயே, மக்கா வெற்றியின்போது ஆற்றிய உரையை எழுதித் தரும்படி யமன்வாசி ஒருவர் கேட்க, அபூஷாஹுக்கு எழுதிக் கொடுங்கள் என்று நபியவர்கள் சொன்னதையும் வைக்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) எழுதி வைத்திருந்த ஏடு, அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் கேட்டு ஹம்மாம் பின் முனப்பிஹ் எழுதிய ஏடு, கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்கள் கல்வி அழிந்துவிடும் என்று பயந்து ஹதீஸ்களை எழுதச் சொல்லி மதீனாவுக்கு அனுப்பிய கடிதம், அவர் காலத்து ஹதீஸ் அறிஞர் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ, அப்புறம் மாலிக் (இறப்பு ஹிஜ்ரி 179), அஹ்மத் (241), புகாரி (256), முஸ்லிம் (261) என்று போகிறது. ஹம்மாமின் ஏட்டில் சுமார் 138 ஹதீஸ்கள். அதன் கையெழுத்துப் பிரதிகள் டமாஸ்கஸிலும் பெர்லினிலும் கிடைத்து, முஹம்மத் ஹமீதுல்லாஹ் 20ஆம் நூற்றாண்டில் அதைப் பதிப்பித்தார். முஸ்னத் அஹ்மதில் அந்த ஏட்டின் ஹதீஸ்கள் ஒரே தொகுப்பாக வருகின்றன, புகாரியிலும் முஸ்லிமிலும் அவற்றில் பல சிதறிக் கிடக்கின்றன. செயலியில் ஒரு பக்கம் ஏடு, மறுபக்கம் பின்னால் வந்த நூல், நடுவில் கோடு. நான் இந்தத் திரையிலேயே நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன். வாயால் கடத்தப்பட்டதும் எழுத்தில் இருந்ததும் ஒன்றுக்கொன்று எப்படித் துணை நின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் இந்தப் பகுதியிலும் எண்கள் வாசகரைக் குழப்புகின்றன. '6 லட்சம் ஹதீஸ்களில் இருந்து 7,563ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார்' என்று புகாரி பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கிற சாதாரண ஆள் மிச்சம் ஐந்து லட்சத்துச் சொச்சமும் பொய் என்றுதான் முடிவுக்கு வருவார். ஒவ்வொரு வழியையும் ஒரு ஹதீஸாக எண்ணுவது முஹத்திஸ்களின் (ஹதீஸ் அறிஞர்களின்) வழக்கம், ஒரே வாசகம் பத்து வழியில் வந்தால் பத்து. நபித்தோழர்களின் சொற்களையும் அதில் சேர்த்து எண்ணுவார்கள். அந்த 7,563இலேயே திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தால் புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் கணக்குப்படி சுமார் 2,600தான். விட்டதெல்லாம் பலவீனமானது என்று புகாரியும் சொல்லவில்லை, நூல் நீண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல ஸஹீஹ்களை விட்டதாக அவரே சொன்னதாக வருகிறது. அபூஹுரைரா (ரலி) பெயருக்கு நேரே 5,374 என்று போட்டிருப்பதும் இதே மாதிரிதான். அதுவும் வழிகளோடு சேர்ந்த எண்ணிக்கை, விளக்கம் இல்லாமல் போட்டால் இத்தனையையும் ஒருவரே சொன்னாரா என்ற சந்தேகத்தை வீணாகக் கிளப்பும்.

ஷியா மரபின் நூல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செயலி சுன்னீ நூல்களுக்கானது, அதில் தவறில்லை. ஆனால் 'இஸ்லாத்தின் ஹதீஸ் மூலங்கள்' என்று தலைப்பிட்டுவிட்டு, குலைனீயின் அல்காஃபீ உள்ளிட்ட நான்கு நூல்களை அவர்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள், அவர்களிடம் இமாம்களின் சொற்களும் ஹதீஸாகவே கொள்ளப்படும் என்று இரண்டு வரியாவது எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பை மாற்ற வேண்டும்.

அறிவிப்பாளர் பக்கங்களில் எனக்கு மிகப் பிடித்தது ஆயிஷா (ரலி) அவர்களுடையது. வெறும் வாழ்க்கைக் குறிப்போடு நிறுத்தாமல், மற்ற நபித்தோழர்களின் அறிவிப்புகளை அவர்கள் திருத்திய இடங்களையும் தொகுத்திருக்கிறார்கள். குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று இப்னு உமர் (ரலி) அறிவித்ததைக் கேட்டு, அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் மறந்திருப்பார் அல்லது தவறியிருப்பார் என்கிறார்கள் ஆயிஷா. நடந்தது என்னவென்றால், ஒரு யூதப் பெண்ணுக்காக அவள் குடும்பத்தார் அழுதுகொண்டிருந்த இடத்தைக் கடந்தபோது, இவர்கள் அழுகிறார்கள், அவளோ கப்ரில் (புதைகுழியில்) வேதனை செய்யப்படுகிறாள் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற குர்ஆன் வசனத்தையும் ஆயிஷா எடுத்துக் காட்டுகிறார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் இரண்டு அறிவிப்புகளையும் இணைத்தும் விளக்கியிருக்கிறார்கள், அந்தக் குறிப்பும் கீழே இருக்கிறது. தொடரை மட்டும் பார்த்தார்கள், சொல்லப்பட்ட செய்தியைச் சோதிக்கவே இல்லை என்று பேசுகிறவர்களுக்கு, அந்தச் சோதனை நபித்தோழர்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டதை இந்த ஒரு பக்கம் காட்டுகிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, பகிரும் பொத்தானில் எல்லாவற்றையும் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஷேர் அழுத்தினால் பூ வேலைப்பாட்டோடு ஒரு படம் தயாராகிறது. அதில் ஹதீஸின் தமிழ் வாசகம், கீழே 'நபிமொழி', அதற்குக் கீழே செயலியின் முத்திரை. அறிவிப்பாளர் பெயர் இல்லை, நூல் பெயர் இல்லை, எண் இல்லை, தரம் இல்லை. சிவப்பு நிறம் போட்டு ளயீஃப் என்று காட்டிய ஹதீஸைப் பகிர்ந்து பார்த்தேன், அதுவும் அதே அழகான படமாகத்தான் போகிறது. வாங்கியவருக்கு அது பலவீனமானது என்று தெரிய வழியே இல்லை. ஆரம்பகால அறிஞர் இப்னுல் முபாரக் (ரஹ்) சொன்னதாக முஸ்லிம் தன் நூலின் முன்னுரையில் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்திருக்கிறார்: இஸ்னாத் மார்க்கத்தைச் சேர்ந்தது, இஸ்னாத் இல்லாவிட்டால் நினைத்தவர் நினைத்ததைச் சொல்லிவிடுவார். இந்தச் செயலியின் அறிமுகப் பாடத்தில் இதே வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது என்றால் இங்கேதான். நபித்தோழர் ஜாபிர் (ரலி) ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒரு மாதத் தொலைவு பயணம் போனார்கள், கேட்டவரிடமே நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று. அப்படிச் சேர்த்த தொடர் இது, படத்தில் இடம் போதவில்லை என்று வெட்டிவிடும் பொருளா?

தினம் ஒரு ஹதீஸ் என்று வரும் நோட்டிஃபிகேஷனிலும் இதே அலட்சியம். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி ஒரு நாள் வந்தது: 'உங்களில் எவரும் தம் குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் உண்ண வேண்டாம்.' முஸ்லிமில் இருக்கும் ஹதீஸ்தான், ஸஹீஹ்தான். ஆனால் அதே பாடத்தில், அந்தத் தடைக்கான காரணமும் வருகிறது: அந்த வருடம் கிராமப்புறத்து ஏழைகள் வந்து சேர்ந்திருந்தார்கள், அவர்களுக்கு இறைச்சி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தடுத்தேன், இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மம் செய்யுங்கள் என்று நபியவர்களே சொல்லிவிட்டார்கள். கப்ருகளைச் சந்திப்பதைத் தடுத்திருந்தேன், இனிச் சந்தியுங்கள் என்று வருகிற ஹதீஸிலும் இறைச்சி விஷயம் சேர்ந்தே வருகிறது. மாற்றப்பட்ட சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, மாற்றிய செய்தியை விட்டுவிட்டு, பெருநாள் காலையில் எத்தனையோ பேரின் தொலைபேசிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? என் குடும்பக் குழுவிலேயே அன்றைக்கு மதியம் வரைக்கும் இதே பேச்சு. குளிர்பெட்டியில் இருப்பதை எல்லாம் கொடுத்துவிட வேண்டுமா என்று ஒரு பெரியம்மா கேட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பாடத்தை முழுதாக எடுத்து அனுப்பினேன். ஹதீஸைத் தேர்ந்தெடுக்கிற வேலையைத் தானியங்கி நிரலிடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஹதீஸ் படித்த ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) வருடத்துக்குரிய முந்நூற்றுச் சொச்சம் ஹதீஸ்களை உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் முடிகிற விஷயம்.

தொழில்நுட்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இணையம் இல்லாமலும் நூல்கள் திறக்கின்றன, மரம் மட்டும் திறக்காது. அரபு எழுத்து பெரிதாக்கிப் படிக்க வசதியாக இருக்கிறது, விளம்பரம் இல்லை.

வாங்கலாமா, இறக்கலாமா என்று கேட்டால், ஹதீஸ் கலையை ஓரளவு முறையாகப் படிக்க ஆரம்பித்திருப்பவர்கள் கட்டாயம் இறக்கிக்கொள்ளுங்கள், அந்தத் தொடர் மரத்துக்காகவும் ஹம்மாமின் ஏட்டுக்காகவும் ஆயிஷா (ரலி) பக்கத்துக்காகவும். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், பகிரும் படத்தில் நூலும் எண்ணும் தரமும் சொன்னவரின் பெயரும் வந்துவிட்டால் நான்கரை தரத் தயார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் அறிமுகப் பாடங்களை முடித்துவிட்டு நூல்களுக்குள் போங்கள். நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், சட்டம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் தெரிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ஷேர் பொத்தானை விட்டுவிட்டு, வாசகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'முழுதாக நகலெடு' என்று வரும், அதில் நூலும் எண்ணும் சேர்ந்தே வருகிறது. தின நோட்டிஃபிகேஷன் அமைப்புகளில் மூன்றாவதாக இருக்கிறது, இறக்கியவுடனே அணைத்துவிடுங்கள்.